ஷெட்டுதானே!

(இறுதியாண்டு மாணவர், அமைப்பியல் துறை)



பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் செயலாளர் மூன்று வாரமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றி ஏற்கெனவே நான்கு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அம்மாவைப் பற்றி ஏழு பேர். மிச்சம் இருப்பது எங்கள் வீட்டுக் கார் ஷெட் மட்டும்தான். சிரிக்காதீர்கள்! அந்த ஷெட்டால் எனக்கு நேர்ந்த வெட்கம், சிவில் படிக்கிற உங்களில் யாருக்கும் எந்த நாளும் நேரலாம். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வெள்ளக்கிணறு பக்கம். 1998ல் அப்பாரு பூமியில் ஒரு பாகத்தை விற்ற காசில் ஐந்தரை சென்ட் சைட் வாங்கி வீடு கட்டினார். அப்போது அது பேரூராட்சி. 2011ல் துடியலூர், சரவணம்பட்டி, வடவள்ளி, காளப்பட்டி எல்லாம் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தபோது நாங்களும் சேர்ந்தோம். இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராமலே மாநகரவாசிகள் ஆகிவிட்டோம்!

வீட்டில் கார் கிடையாது. ஆனால் கார் ஷெட் இருந்தது. 9 அடிக்கு 12 அடி, காங்கிரீட் கூரை, தெற்குப் பக்கம் மட்டும் கம்பி வலை. "பின்னால ஒரு காலத்துல வாங்காமயா போயிருவோம்" என்பது அப்பாருவின் கணக்கு. அவர் இருந்த வரைக்கும் கார் வரவில்லை. அந்த இடத்தில் ஆத்தா சோளம் காய வைத்தார். பிறகு என் சைக்கிள் நின்றது. 2009ல் அப்பா ஒரு பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய லேத் ஒன்றை வாங்கி அதில் இறக்கினார். அன்றிலிருந்து புஷ், ஷாஃப்ட், புல்லி என்று ஜாப் ஒர்க். என் பள்ளிக்கூட ஃபீஸும், இந்த பாலிடெக்னிக் ஃபீஸும் அந்த ஷெட்டிலிருந்து வந்ததுதான்.

நம் ஊரில் கார் ஷெட் என்றால் கார் நிற்கிற இடம் என்று நினைப்பவர் நிச்சயம் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். ஒரு வீட்டில் லேத் இருக்கும், அடுத்த வீட்டில் டிரில்லிங் மெஷின், அதற்கடுத்து கிரைண்டருக்குக் கல் கொத்துகிறவர், திருப்பூர் பக்கம் போனால் தையல் மெஷின். 1920ல் ஜி.டி. நாயுடு ஒற்றை பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தாரே, அந்தக் காலத்திலிருந்தே இந்த ஊர் வண்டியையும் பட்டறையையும் தனித்தனியாகப் பார்த்ததில்லை.

2023ல் அப்பா ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கினார். சரக்கை நாமே கொண்டுபோய் இறக்கினால் வாடகை மிச்சம் என்று கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் வண்டியை நிறுத்த இடமில்லை. ஷெட்டில் லேத். வண்டி வீதியில். இருபதடி வீதியில் அது நின்றால் எதிரே தண்ணி லாரி வர முடியாது. ஒருநாள் கண்ணாடியை யாரோ தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு நாள் ராத்திரி டீசலை உறிஞ்சிவிட்டார்கள்.

அதனால் 2024 ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் பட்டறை அண்ணன் டேப்போடு வந்தார். திட்டம் இதுதான். ஷெட்டின் தெற்கே, எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே நாலடிச் சந்து ஒன்று இருக்கிறது. கம்பி வலையை எடுத்துவிட்டு லேத்தை அந்தச் சந்துக்குள் தள்ளிவிடுவது. முன்னால் கேட்டு வரைக்கும் ஐந்தடி காலியாக இருக்கிறது. அதற்கும் சேர்த்து ஜி.ஐ. பைப் நட்டு, மேலே ஷீட் போட்டுவிடுவது. லேத்தும் நனையாது, வண்டியும் உள்ளே வந்துவிடும்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நீ சிவில் படிக்கற. இதுக்குப் பெர்மிஷன் கிர்மிஷன் எதாச்சும் வாங்கோணுமா?"

நண்பர்களே, அப்போது நான் இரண்டாம் ஆண்டு. கட்டட வரைபடத் தேர்வில் 78 மார்க் வாங்கியவன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வெல்டிங் அண்ணன் வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"தகர ஷெட்டுதானேப்பா! காங்கிரீட் போட்டாத்தான் பெர்மிஷன். இதுக்கெல்லாம் ஒண்ணும் வேண்டியதில்ல" என்றேன்.

அப்பாவின் முகத்தில் வந்த அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை குனிகிறது. "கேட்டுக்கிட்டீங்கல்ல? என்ற பையனே சொல்லிப்போட்டான். பைப்ப எறக்குங்க" என்றார்.

பைப், ஷீட், கூலி, லேத்துக்குக் காங்கிரீட் பெட் எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. ஷீட்டின் சரிவைத் தெற்குப் பக்கமாக வைத்தார்கள். வடக்கே சரித்தால் தண்ணீர் எங்கள் சுவரில்தானே விழும்!

ஐப்பசியில் மழை பிடித்தது. ராத்திரி பத்தரை மணிக்கு ஆரம்பித்து ஊற்றித் தள்ளியது. ஷீட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் டி.வி. கேட்கவில்லை. அப்பா மட்டும் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "லேத்து மேல ஒரு சொட்டு இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

காலையில் பக்கத்து வீட்டு வாத்தியார் ஐயா வந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம். எங்கள் ஷீட்டில் விழுந்த தண்ணீர் முழுக்கக் காம்பவுண்டு சுவரைத் தாண்டி அவர்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் மேல் அடித்திருக்கிறது. முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்த வாத்தியாரம்மாவின் மெத்தை நனைந்துவிட்டது. ராத்திரி பூராவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களாம்.

அம்மா காபி கொடுத்தார். வாத்தியார் ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏந் தம்பி, வீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவால சந்து விடறாங்கல்ல. உங்க படிப்புல அதுக்கு எதாச்சும் பேரு இருக்குதா?"

"செட்பேக்குங்க ஐயா."

"அது எதுக்கு விடறது?"

"காற்று, வெளிச்சம், மழைத்தண்ணி வடிய, தீப்பிடிச்சா உள்ள போக, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வராம இருக்க..."

ஐந்து மார்க் கேள்வி. ஐந்து பாயிண்டையும் சொல்லிவிட்டேன். வாத்தியார் ஐயா தலையை ஆட்டினார். பாதி காபியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அப்பாவைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு காலேஜுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் விரிவுரையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்க வீட்டு ஒரிஜினல் பிளான் எங்க இருக்குது? முதல்ல அதைத் தேடி எடுத்துட்டு வா" என்றார்.

ஆத்தாவின் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது. பழைய ப்ளூ பிரிண்ட். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் பேரூராட்சியின் சீல் தெளிவாகத் தெரிந்தது. அதில் எங்கள் 9க்கு 12 கார் ஷெட் இருந்தது. அதற்கு முன்னால் ஐந்தடியும் தெற்கே நாலடியும் விட்டு, "காலியிடம்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் பெர்மிஷன் வேண்டாம் என்று சொன்ன இடம், ஏற்கெனவே பெர்மிஷனில் வெறுமையாக இருக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்த இடம்! அப்பாருவின் கையெழுத்தும் கீழே இருந்தது.

விரிவுரையாளர் அன்று எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்வுக்கும் உதவும்.

நான் நினைத்ததுபோல் கூரை தகரமா காங்கிரீட்டா என்பது கேள்வியே இல்லை. 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே "கட்டடம்" என்றால் என்ன என்று எழுதியபோது, வீட்டோடு குதிரை லாயம், கிடங்கு, ஷெட், குடிசை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். செங்கல்லோ, மரமோ, மண்ணோ, உலோகமோ, எதனால் கட்டினாலும் கட்டடம் கட்டடம்தான். குதிரை லாயம் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்துக் கார் ஷெட் அதுதானே! அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இருக்கிறது.

இன்னொரு பக்கம் 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். நிலத்தின் மேல், கீழ், குறுக்கே எதைக் கட்டினாலும், இருக்கிற கட்டடத்தின் உபயோகத்தைப் பெரிதாக மாற்றினாலும் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். ஆக, அனுமதி உண்மையில் இரண்டு. திட்ட அனுமதி ஒன்று, கட்டட அனுமதி ஒன்று. சின்ன வீடுகளுக்கு உள்ளாட்சி ஆபீசே இரண்டையும் பார்த்துவிடுவதால் ஜனங்களுக்கு எல்லாம் ஒரே "பெர்மிஷன்" ஆகிவிட்டது. அனுமதி இல்லாமல் கட்டுவதை நிறுத்தச் சொல்லவும், கட்டியதை எடுக்கச் சொல்லவும் அதே சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் அதிகாரம் தருகின்றன.

அளவெல்லாம் இருப்பது 2019ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில். சின்ன வீதியில் இருக்கிற வீட்டுக்குக்கூட முன்பக்கம் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும். நம் ஐந்தடிதான் அது. அந்த இடத்தில் சன்ஷேடு, காம்பவுண்டு சுவர் என்று பட்டியல் போட்டிருக்கிற சிலவற்றைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது. வெள்ளையடிக்க, பூச்சு பூச, தரை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஷெட்டை நீட்டுவது ரிப்பேர் ஆகாது.

"ஒரு கார் நிக்க விதியில எவ்வளவு இடம் சொல்லியிருக்குது?" என்று கேட்டார். முழித்தேன். இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். எங்கள் ஷெட்டின் நீளம் மூன்றரை மீட்டர்தான் சொச்சம். அப்பாரு கனவு கண்ட கார் கொஞ்சம் சின்னக் கார் போலிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்று நானே தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் 1948 ஜூலை முதல் எல்லாக் கட்டட வேலைக்கும் திட்ட அனுமதி என்று வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் ஆபீசுக்கு அலையக் கூடாது என்று சிலவற்றுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். கராஜும் அதில் உண்டு. அட, என்று ஆவலாகப் படித்தேன். வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக்கூடாது. எல்லைக்கு இரண்டு மீட்டருக்குள் இருந்தால் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டக்கூடாது. எங்கள் ஷெட் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது, சுவரை ஒட்டி நிற்கிறது, உயரம் பத்தடி. லண்டனில் கட்டியிருந்தாலும் மாட்டியிருப்போம்!

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை நிஜமாகவே உறுத்தியது வேறொன்று. அந்த நாலடிச் சந்தில் ஒரு மழைநீர்க் குழி இருந்தது. 2003ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பாரு வெட்டியது. மேலே ஜல்லி, கீழே மணல். லேத்துக்குப் பெட் போட்டபோது அதன் மேலேயே காங்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதிதாகப் போட்ட ஷீட்டின் பரப்பு 113 சதுர அடி, அதாவது பத்தரைச் சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுகிற தண்ணீர் 525 லிட்டர். முன்பு அது மண்ணுக்குள் போனது. போகிற வழியை அடைத்துவிட்டு, சரிவையும் பக்கத்து வீட்டுப் பக்கம் வைத்துவிட்டோம். இந்தக் கணக்குப் போட பாலிடெக்னிக்கூட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு போதும்.

அடுத்து நான் போனது பிளான் போட்டுத் தருகிற கடைக்கு. திருத்திய பிளான் கொடுத்து ஏதாவது வழி பண்ண முடியுமா என்று கேட்கத்தான். அந்தக் கடை அண்ணனும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷத்தில் எங்கள் வீட்டை வரைந்துவிட்டார். அப்புறம் சொன்னார்:

"சந்தையும் முன்னாடியும் காலியாக் காட்டிக்கலாம் தம்பி. ஷீட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரு வந்து அளக்கப் போறா?"

அவர் அதைச் சொன்னபோது குரலில் எந்தத் திருட்டுத்தனமும் இல்லை. டீ சொல்லட்டுமா என்பதுபோலச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடை வாடகை, இரண்டு குழந்தைகள். நேராக வரைந்தால்தான் தருவேன் என்று அவர் சொன்னால், பார்ட்டி அடுத்த கடைக்குப் போய்விடும். ஆனால் நண்பர்களே, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்காரப்போவது நம்மில் ஒருவர்தான். நான் மவுசைப் பிடித்திருந்த அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா என்று எழுந்து வந்துவிட்டேன்.

2024 ஜூலை 22ல் சுயசான்றுத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, தெரியுமா? 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடி வரைக்கும், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ உள்ள வீடு கட்டுகிறவர்கள் ஆன்லைனில் தாங்களே உறுதிமொழி கொடுத்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். பல பேருக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் வரைகிற கை பொய் வரைந்தால் தடுக்க இடையில் ஆளில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் அன்று ராத்திரி பேச்சு வந்தது. அப்பாவுக்கு கோபம் என்பதைவிட வருத்தம்.

"நம்ம வீதியில எத்தன ஷெட்டு இருக்குதுன்னு போய் எண்ணிப் பாரு. ஒருத்தனாச்சும் பெர்மிஷன் வாங்கியிருக்கானா?"

மறுநாள் நிஜமாகவே எண்ணினேன். 26 வீடு. 14 வீட்டில் முன்னாலோ பக்கத்திலோ அடைத்திருக்கிறார்கள். அப்பா சொன்னது தப்பில்லை.

"எப்பவாச்சும் வரன்முறைன்னு அறிவிப்பாங்க. அப்பப் பணத்தக் கட்டிப்போடலாம்" என்றும் சொன்னார். அதையும் பார்த்தேன். 113-சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அது 2007 ஜூலை 1ஆம் தேதிக்குள் கட்டியவற்றுக்கு. எங்கள் ஷெட் பதினேழு வருஷம் லேட். (நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்ததற்குப் பிறகு, 2024 டிசம்பர் 17ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. ரொம்ப நாளாக இருக்கிறது, நிறையச் செலவு பண்ணிவிட்டோம், அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதெல்லாம் அனுமதியில்லாத கட்டடத்தை நியாயமாக்காது என்று.)

இவ்வளவையும் நான் ஒப்பித்து முடித்ததும் அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"நீதானப்பா வேண்டாம்னு சொன்ன?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அம்மாதான் பேசினார். "நடூர்ல அன்னிக்கு அந்தச் சுவரு விழுந்ததுல்ல... படுத்திருந்தவிய எந்திரிக்கவே இல்லையே. மழைனாலே எனக்கு அதுதான் நெனப்புக்கு வருது" என்றார். 2019 டிசம்பர் 2. அப்போது நான் எட்டாம் வகுப்பு. மேட்டுப்பாளையம் நடூரில் விடியற்காலை மழையில் உயரமான மதில் ஒன்று பக்கத்து வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். எங்கள் வீட்டு முன்னாலிருக்கிற இதே மேட்டுப்பாளையம் ரோட்டில் அன்றைக்கு ஆம்புலன்ஸ்கள் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நனைந்த மெத்தை ஒன்றையும் அந்தப் பதினேழு உயிர்களையும் பக்கத்தில் வைத்துப் பேசுவது பாவம். அம்மாவும் அப்படிப் பேசவில்லை. ஆனால் நம் சுவரும் நம் கூரையும் நம் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பது அப்பாவுக்கு எந்தச் சட்டப் பிரிவை விடவும் அம்மா சொன்னதில்தான் உறைத்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, பிரிச்சுப்போடலாம்" என்றார்.

யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. யாரும் வந்து அளக்கவில்லை. அதையும் இங்கே சொல்ல வேண்டும். வாத்தியார் ஐயா எந்த ஆபீசுக்கும் மனு போடவில்லை.

லேத்தை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. விரிவுரையாளரிடம் கேட்டேன். பின்பக்கம் விதிக்கு மேல் அதிகமாக இடம் இருந்தால் திருத்திய பிளான் போட்டு முறையாக அனுமதி வாங்கலாம் என்றார். எங்கள் பொடக்காளியில் இடம் இருக்கிறது. ஆனால் அதில்தான் செப்டிக் டேங்க் இருக்கிறது. தவிரவும், குடியிருப்புப் பகுதியில் லேத் ஓட்டலாமா, எத்தனை குதிரைத்திறன் வரை ஓட்டலாம் என்பது தனிக் கேள்வி என்றார். பதினைந்து வருஷமாக அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற நிலைமையில் நாங்கள் இருக்கவும் இல்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வெல்டிங் அண்ணன் வந்தார். போட ஒன்பது நாள் ஆனது, பிரிக்க ஒரே நாள். பைப்பையும் ஷீட்டையும் பாதி விலைக்கு அவரே எடுத்துக்கொண்டார். காங்கிரீட் பெட்டை நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் சம்மட்டியால் உடைத்தோம். (கான்கிரீட் டெக்னாலஜி லேபில் க்யூப் உடைக்கும்போது இவ்வளவு வலிக்காது!) அடியில் அப்பாருவின் குழி அப்படியே இருந்தது. ஜல்லியை வாரி வெளியே போட்டு, கழுவி, புது மணல் கொட்டி மறுபடி நிரப்பினோம்.

சாயங்காலம் வாத்தியார் ஐயா காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். என் கைக் கொப்புளங்களைப் பார்த்தார். "அன்னிக்கு அஞ்சு பாயிண்டு சொன்னியே தம்பி, ஒண்ண விட்டுப்போட்ட. சந்து இருந்தாத்தான் மனுசன் நடந்து போய்ப் பின்னால இருக்கற கொய்யா மரத்துல காய் பறிக்க முடியும்" என்றார். கொய்யா மரம் எங்களுடையது. காய் பறிப்பது பெரும்பாலும் அவருடைய பேரன்கள்.

லேத் இப்போது கணபதியில், ஒரு வாடகைப் பட்டறையின் மூலையில் ஓடுகிறது. மாதம் 5,500 ரூபாய் வாடகை. கரண்ட் பில் தனி. முன்பெல்லாம் அப்பா மத்தியானம் எண்ணெய்க் கையோடு வந்து எங்களோடு சாப்பிடுவார். இப்போது டிபன் பாக்ஸ் கொண்டுபோகிறார். ஆர்டர் அவசரம் என்றால் ராத்திரி பத்து மணி. கம்பெனியை விட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்ததே வீட்டோடு இருக்கத்தான் என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் விடுமுறை நாளில் பட்டறைக்குப் போய் ஜாப்களை எண்ணி டிரேயில் அடுக்கிக் கொடுக்கிறேன். அதற்குப் பேச்சு தேவைப்படுவதில்லை.

டாடா ஏஸ் இப்போது அப்பாரு கட்டிய ஷெட்டுக்குள் நிற்கிறது. வண்டியின் நீளம் 3.8 மீட்டர். ஷெட் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். ஆகையால் எப்படித் திருப்பி நிறுத்தினாலும் பின்னால் அரையடி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மழை வந்தால் அந்த அரையடி நனைகிறது. அப்பா அதற்கு மட்டும் ஒரு தார்ப்பாயை மடித்துக் கட்டி வைத்திருக்கிறார்.